கண்ணாடியில் முளைத்த கைநாட்டு

நான் டாக்டர் பட்டம் வாங்கியவள். ஆனாலும் ஆம்பூரில் எங்கள் தெருவில் என் பெயர் 'கைநாட்டு'. தெருக்காரர்கள் மேல் தப்பில்லை.

பட்டம் வாங்குவதற்கு முன்பு நான் வேலூரில் ஆராய்ச்சி மாணவி. கண்ணாடித் தகட்டின்மேல் உயிருள்ள செல்களை வரிசையாக ஒட்டவைப்பது என் வேலை. வீட்டில் இது உடனே புரிந்தது அப்பாவுக்குத்தான். அவர் ஷூ கம்பெனியில் சோல் ஒட்டுகிறவர். "தோலை உரசி, கம் தடவுன எடத்துலதான் சோல் புடிக்கும். உன்துக்கும் அதானே?"

அதேதான். செல்கள் வெறும் கண்ணாடியை மதிக்காது. அதன்மேல் படிந்த புரதத்தைத்தான் பிடித்துக்கொள்ளும். முடியைவிட மெல்லிய கோடுகள் போட்ட ரப்பர் ஸ்டாம்பில் புரதம் தடவி, கண்ணாடியில் அச்சுக் குத்தவேண்டும். மிச்ச இடத்தில் எதுவும் ஒட்டாத பூச்சு. அப்புறம் செல்களை விட்டால், பிரேயரில் நிற்கும் பிள்ளைகள்போலக் கோட்டிலேயே நிற்கும். (நிற்கவேண்டும். என்னுடையவை இரண்டு வருஷமாக ஸ்கூலுக்கே வரவில்லை.)

வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் என் வேலையை மதிப்பிட வருவதாகத் தகவல் வந்தது. அவர் உதட்டைப் பிதுக்கினால் ஆராய்ச்சி அதோடு முடிந்தது.

அவர் வருவதற்கு இரண்டு நாள் முன்பு மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். கோடுகள்! செல்கள் ஒட்டியிருந்தன! ஆனால் நேராக இல்லை. வளைந்து வளைந்து போய் நடுவில் ஒரு சுழியில் முடிந்தன.

புத்தியுள்ளவள் சந்தேகப்பட்டிருப்பாள். நான் கண்டுபிடித்துவிட்டதாக முடிவு செய்தேன். செல்கள் தாமாகவே சுழல்கின்றன!

"அப்பா, உலகத்துல யாருமே பார்க்காதத பார்த்துட்டேன்!"

"சரிம்மா, சாப்ட்டியா?"

குளியலறைக் கண்ணாடி முன் அடக்கமாகச் சிரித்துப் பழகினேன். (பேட்டி எடுக்க வந்தால்?)

பேராசிரியர் வந்த அன்று எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். செல்களுக்கு ஊதாச் சாயம் ஏற்றிய தகட்டை மேஜையில் வைத்துவிட்டு இருபது நிமிஷம் பேசினேன். புயல், விண்மீன் கூட்டம், எல்லாவற்றையும் இழுத்தேன். கோடுகளுக்குக் குறுக்கே ஒரு வெட்டு இருந்தது. அதற்கு 'எல்லைக்கோடு' என்று பெயர்கூட வைத்திருந்தேன். பேராசிரியர் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டார்.

டீ கொண்டுவந்த எங்கள் லேப் உதவியாளர் செல்வி அக்கா மேஜையைக் குனிந்து பார்த்தார்.

"இன்னா கவிதா, யாரு இதுல கைநாட்டு வச்சது? ரேஷன் கடை மிஷின்ல என் வெரலு ஒருநாளும் இவ்ளோ சுத்தமா உழுந்ததில்ல!"

எட்டுத் தலைகளும் தகட்டின்மேல் குனிந்தன.

பேராசிரியர் என் வலது கையைக் கேட்டார். ஜோசியர்போலக் கட்டைவிரலைத் திருப்பித் தகட்டின் பக்கத்தில் வைத்தார். அதே சுழி. என் 'எல்லைக்கோடு', அரிவாள்மணையில் வெங்காயம் நறுக்கும்போது பட்ட தழும்பு.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அச்சுக் குத்தும் நேரத்தில் போன் அடித்தது. கிளவுசைக் கழற்றிப் பேசிவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். ஸ்டாம்ப் வழுக்கியது. புரதத்தில் நனைந்த கட்டைவிரலால் கண்ணாடியை அழுத்திப் பிடித்தேன்.

என் கைடு மேடம் ஃபைலால் முகத்தை மூடிக்கொண்டார். ஃபைல் குலுங்கியது. பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அந்தத் தகட்டின் அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

"கவலப்படாதீங்கம்மா," என்றார் பேராசிரியர். "விரல் பட்ட எடத்துல மட்டும் ஒட்டியிருக்கு. பக்கத்துல ஒரு செல் கிடையாது. அப்படின்னா உங்க புரதமும் நல்லா இருக்கு, பூச்சும் நல்லா இருக்கு. ரெண்டு வருஷமா கெடுத்தது உங்க ஸ்டாம்ப். அதைத் தூக்கிப் போட்டுட்டு வேற செய்யுங்க. தாராளமா தொடரலாம்."

வேறு ஸ்டாம்ப் செய்தேன். செல்கள் நூல் பிடித்தாற்போல நின்றன. செல்வி அக்காவைக் கட்டிப்பிடித்துச் சுற்றியதில் இரண்டு பீக்கர் உடைந்தது.

போன வருஷம் என் கல்யாணத்தைப் பதிவு செய்யப் போனோம். அதிகாரி மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார். அப்பா பதறிப்போய்க் கையை நீட்டித் தடுத்தார்.

"சார், பார்த்து! எங்க பொண்ணு கை வச்சா ரெண்டு நாள்ல முளைச்சிரும்!"

அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. சாட்சிக் கையெழுத்துப் போட வந்திருந்த செல்வி அக்கா, க்யூவில் நின்ற எங்கள் தெருக்காரர்கள் உட்பட அத்தனை பேருக்கும் கேட்கும்படி முதலிலிருந்து விளக்கினார். அதிகாரி என் கட்டைவிரலை வெளிச்சத்தில் பிடித்து ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் மையைத் தொடவிட்டார்.