தண்ணீர் நிபுணரின் உபசாரம்

மலாக்காவில் மெர்லிமாவ் முதல் அலோர் காஜா வரை நீங்கள் எந்தத் தாமான் குடியிருப்புக்குள் நுழைந்தாலும் சரி, தெருவுக்கு ஒரு தண்ணீர் நிபுணராவது இருப்பார். தண்ணீரைப் பற்றி எங்கும் படித்தவரல்லர், குடித்தவர், அவ்வளவுதான். சட்டைப் பையில் ஒரு பேனா செருகியிருப்பார். கையெழுத்துப் போட இரவல் கேட்டுவிடாதீர்கள். அது தண்ணீரை அளக்கும் பேனா. முனையை டம்ளருக்குள் விட்டால் ஒரு எண் தெரியும். எண் கூடினால், "பாத்தீங்களா?" என்பார். குறைந்தால், "பேட்டரி வீக்" என்பார்.

எங்கள் ஜாலானுக்கு (தெருவை இங்கே அப்படித்தான் சொல்வோம்) வாய்த்தவர் காளிதாஸ் அங்கிள். கெட்டிலின் அடியில் சுரண்டியெடுத்த வெள்ளைப் பொருக்கை ஒரு மருந்துக் குப்பியில் அடைத்து வைத்துக்கொண்டு, கல்யாண வீடு, காது குத்து, கோயில் அன்னதானம், தெருமுனை ரஷீத்தின் சாப்பாட்டுக் கடை என்று போகிற இடமெல்லாம் எடுத்துக் குலுக்கிக் காட்டி, "இதாங்க நம்ம கிட்னில போய் உக்காருது" என்று சாப்பிடுகிறவர்களின் வயிற்றைக் கலக்குவார். ஒரு துக்க வீட்டில்கூட, இறந்தவர் மாரடைப்பில் போனவர் என்று தெரிந்தும், குப்பியை வெளியே எடுத்தார். தண்ணீர் கலங்கினால் ஹார்ட்னஸ், தண்ணீரிலுள்ள உப்பு. முடி கொட்டினால் ஹார்ட்னஸ். மருமகள் முகம் கொடுத்துப் பேசாததற்கும் அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

அவர் சொல்வதில் உண்மையே இல்லையா? இருக்கிறது, அதுதான் வேதனை. எங்கள் ஜாலானில் மண்ணுக்குள் கிடப்பது பழைய இரும்புக் குழாய். காலையில் திறந்தால் தேநீர் நிறத்தில் வரும். இதில் அதிகம் அடிபட்டவர் என் பக்கத்து வீட்டு பவானேஸ்வரி. வீட்டிலேயே துணி வெளுத்து, இஸ்திரி போட்டுக் கொடுத்துப் பிழைக்கிறவர். வெள்ளையாக வரும் பள்ளிச் சீருடை அவர் வீட்டுத் தண்ணீரில் முங்கி எழுந்தால் பழுப்பாகிவிடுகிறது. வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக நழுவ, மிச்சம் இருப்பவர்களும் போய்விட்டால் சலவை மெஷினை விற்றுவிட்டு வேறு வேலை தேட வேண்டிய நிலைமை.

"அங்கிள், நீங்க தண்ணி ஆபிஸ்ல போய்ச் சொன்னா கேப்பாங்க" என்று அவர் கெஞ்சினார்.

"நான் ஏம்மா போவணும்? வரட்டும் அவனுங்க! இந்தத் தண்ணிய மூஞ்சிக்கு நேரா நீட்டி, குடிடான்னு சொல்றேன் பாரு!"

பவானேஸ்வரிக்கு அவ்வளவு பொறுமை இல்லை. தானே போன் போட்டுப் புகார் கொடுத்தார். கொடுத்தது வீண்போகவில்லை, ஒரு நாள் காலை தண்ணீர் ஆபிஸிலிருந்து ஆள் வந்தேவிட்டார். அப்போது பவானேஸ்வரி செய்த ஒரே தவறு, நிபுணர் பேசினால் எடுபடும் என்று நம்பி, வந்தவரைக் காளிதாஸ் வீட்டுக்குக் கூட்டிப் போனதுதான்.

வந்தவர் பெயர் கிஷன். சின்ன வயது, கழுத்தில் அடையாள அட்டை. "எந்த ஜாலான்ல தண்ணி ரொம்ப மோசமோ, அங்கதான் மொதல்ல பைப்பு மாத்தப் போறோம் அங்கிள். இங்க எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

கேட்டாரே தவிர, பதில் எங்கே வந்தது?

"வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல உக்காருங்க தம்பி. எந்த ஊரு?"

"சுங்கை ரம்பாய் பக்கம் எஸ்டேட்டு."

"அட! அப்பா பேரு?"

"அப்புசாமி."

"எஸ்டேட்டுல ஆளுங்கள வேல வாங்குன தண்டல் அப்புசாமியா? நம்ம அப்புசாமி மவனா நீ! யம்மா, சிராப் கலக்கு!" என்று உள்பக்கம் குரல் கொடுத்தார்.

சிராப், அந்தச் சிவப்புச் சர்பத், வந்தது. பில்டர் தண்ணீரில் கலக்கி, ஐஸ் போட்டு, தீபாவளிக்கு மட்டும் வெளியே வரும் கண்ணாடி டம்ளரில் வந்தது. கிஷன் குடித்தார். "நல்லா இருக்கே!" என்றார். காளிதாஸுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. குப்பி பைக்குள்ளேயே கிடந்தது.

"அப்ப தண்ணி, அங்கிள்?"

"இருக்குப்பா, ஓகேதான். மழை நாள்ல சிக்கிட், கொஞ்சூண்டு கலங்கும். அது எங்கதான் இல்ல?"

பவானேஸ்வரி கையிலிருந்த பழுப்புச் சட்டையை விரித்தார். "சார், இதப் பாருங்க, எங்க வீட்டுல..."

"நீ சும்மா இரும்மா! புள்ள இப்பத்தான் வேலைல சேர்ந்திருக்கு, வந்த எடத்துல கொற சொல்லிக்கிட்டு!"

கூடவே போயிருந்த நான் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். எனக்குக் காளிதாஸை அறையலாம் போலிருந்தது. கிஷன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார், பெரியவர் பேச்சையே எடுத்துக்கொண்டார், கும்பிட்டுவிட்டுப் போனார். புதுக் குழாய் பின்னால் இருக்கும் ஜாலானுக்குப் போயிற்று. எங்களுக்கு அடுத்த வருஷம் பார்க்கலாமாம்.

அன்று கிஷனின் கார் முனை திரும்புவதற்குள், தாமான் வாட்ஸ்அப் குழுவில் காளிதாஸின் குரல் வந்துவிட்டது: "இவனுங்களுக்கெல்லாம் எவன் வேல கொடுத்தான்? ஒருத்தனுக்காவது தண்ணியப் பத்தித் தெரியுதா?" கீழே வரிசையாகக் கட்டை விரல்கள். அதில் ஒரு விரல் என்னுடையது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"அவரு கேட்டப்ப ஏன் அங்கிள் சொல்லல?" என்று பவானேஸ்வரி மறுநாள் கேட்டார். மெஷினை விற்க ஆள் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

"மரியாதன்னு ஒன்னு இருக்குல்ல!"

சிரிக்கிறீர்கள். உங்களிடம் பேனாவும் இல்லை, குப்பியும் இல்லை, ஆகவே நீங்கள் இந்த இனமில்லை என்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம். நாளைக்கு உங்கள் வீட்டுக் கேட்டில் அடையாள அட்டை தொங்கவிட்ட ஒருவர் வந்து நின்று, "ஏதாச்சும் பிரச்சினை இருக்கா?" என்று கேட்டால், அவரை உட்கார வைத்துக் குடிக்க என்ன கொடுப்பது என்றுதானே முதலில் யோசிப்பீர்கள்?