ஓடக்காரத் தெருவில் தண்ணீர் வந்ததே இல்லை

ஐப்பசி பிறந்த அன்று அறிவழகன் ஒரு சபதம் செய்தான். தலையே போனாலும் இந்த மழைக்காலத்தில் மாமியார் வீட்டுக்குப் போவதில்லை.

சபதம் செய்யும்போது அவன் கையில் துடைப்பம் இருந்தது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வீரம் வேறு, வீட்டு வேலை வேறு.

அறிவழகனுக்குக் கடலூரில் ஒரு டைல்ஸ் கடையில் வேலை. கெடிலம் ஆற்றுக்குப் பக்கத்தில் ஓடக்காரத் தெருவில் வாடகை வீடு. மனைவி பவானிக்குப் பிறந்த வீடு சிதம்பரம். மகள் யாழினி இப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள். சிக்கலே அங்கேதான். நடக்கிற பிள்ளை தண்ணீரைப் பார்த்தால் அம்மாவிடம் ஓடி வரும். தவழ்கிற பிள்ளை சிரித்துக்கொண்டே தண்ணீரை நோக்கிப் போகும். இதை நினைத்து நினைத்தே பவானிக்குத் தூக்கம் போயிற்று. கூரையில் நாலு தூறல் விழுந்தால் போதும், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசற்படியைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவாள்.

"மாமா, மழை முடியற வரைக்கும் எங்க வீட்டுக்குப் போயிரலாம். மாடி ரூம் சும்மாதான் கெடக்குது."

சும்மா கிடந்தது மாடி அறை மட்டும்தான். கீழே மாமியார் ஞானாம்பாளோடு மாமனார் சபாபதி இருந்தார். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். ஓய்வு பெற்றது அவர்தான், அவர் வாய் இன்னும் சர்வீஸில் இருந்தது. தோசைக்கு ஒன்று என்று பொது அறிவுக் கேள்வி கேட்பார். பதில் தெரியாவிட்டாலும் தோசை உண்டு, ஆனால் தொண்டைக்குள் இறங்காது.

"போன வருஷம் தண்ணி உள்ள வந்துச்சா?" என்றான் அறிவழகன்.

"படி வரைக்கும் வந்துச்சே!"

"படிக்கு மேல வந்துச்சா?"

"ஏற கத்துக்கிட்டு இருக்கு மாமா. நம்ம யாழினி மாதிரிதான்."

"இந்தா பாரு, இந்தத் தெருவுல நூறு வருஷமா வெள்ளம்னு ஒண்ணு வந்ததே கெடையாது."

"தெருவுக்குப் பேரே ஓடக்காரத் தெரு. ஓடக்காரன் இங்க எதுக்கு வந்தான்? டிபன் சாப்பிடவா?"

அறிவழகனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. துடைப்பத்தைச் செங்கோல்போல் தரையில் ஊன்றினான்.

"நிரூபிச்சுக் காட்டறன். வீடு வீடா போயி பழைய போட்டோ, போஸ்ட் கார்டு எல்லாம் வாங்கி நம்ம ஹால்லயே கண்காட்சி வெக்கறன். இந்தத் தெருவுல எடுத்த ஒரு படத்துலயாவது தண்ணி இருந்துச்சுன்னா, நானே பெட்டிய தூக்கறன்."

"இல்லன்னா?"

"அதுக்கப்புறம் சிதம்பரம்னு வாயத் தொறக்கக் கூடாது."

"சரி மாமா."

கல்யாணம் ஆன நாளிலிருந்து பவானி இவ்வளவு சீக்கிரம் சரி என்றது அதுவே முதல் தடவை. விவரமானவன் என்றால் அங்கேயே உஷாராகியிருப்பான்.

முதல் வேட்டை பக்கத்து வீட்டில். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்ற பொன்னுரங்கம், ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து தரையில் கவிழ்த்தார்.

படங்கள் கொட்டின. அறிவழகனின் முகமும் சேர்ந்து தொங்கிப்போனது. ஒரு படத்தில் நாலு பேர் வேட்டியை இடுப்புக்கு மேல் சுருட்டிக்கொண்டு நடுத்தெருவில் நின்று சிரித்தார்கள். ஒரு படத்தில் மாப்பிள்ளையை நாலு பேர் தோளில் தூக்கி வந்தார்கள், மரியாதைக்காக இல்லை, பட்டு வேட்டி நனையாமல் இருக்க. ஒரு படத்தில் கூரைமேல் ஓர் ஆடு. ஒரு பழைய போஸ்ட் கார்டும் இருந்தது. 'இவ்விடம் யாவரும் சௌக்கியம். மொட்டை மாடியில் இருக்கிறோம்.'

"என்னா சார் இது, எல்லாமே வெள்ளமா இருக்கு?"

"பின்ன என்னா தம்பி? சும்மா கெடக்கற தெருவ எவன் போட்டோ புடிப்பான்? பிலிம் ரோல் வித்த வெலைக்கு? தண்ணி வந்தா புடிப்பான், சாமி வந்தா புடிப்பான்."

"அப்ப சாமி வந்த படம் குடுங்க."

"இருக்கே. ஆனா அந்த வருஷம் சாமி படகுல வந்துச்சு."

தெரு முழுக்க அதே கதைதான். காய்ந்த படங்கள் ஸ்டூடியோவில் எடுத்தவை. தெருவில் எடுத்தவை, ஒன்றே ஒன்று தவிர, எல்லாம் ஈரம். வரலாறு இப்படித் தொப்பலாக நனைந்து கிடக்கும் என்று அறிவழகன் கனவிலும் நினைக்கவில்லை.

ஆனால் வரலாற்று ஆசிரியன் என்றால் எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரிந்திருக்க வேண்டும். ஈரமான படங்களை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, சோபாவுக்கு அடியில் ஆழமாகத் தள்ளினான். மிச்சத்தைச் சுவரில் மாட்டினான். பூ ஜடை தைத்துக் கண்ணாடிக்கு முன்னால் நிற்கும் பெண்கள், தாஜ்மகால் திரைச்சீலைக்கு முன்னால் முறைத்துக்கொண்டு நிற்கும் தம்பதிகள், தெருவில் புது மோட்டார் சைக்கிளோடு நிற்கும் ஒரு மீசைக்காரர். வெள்ளைக்காரன் காலத்துப் படப் போஸ்ட் கார்டு ஒன்றும் கிடைத்தது. அதில் மஞ்சக்குப்பம் மைதானமும் ஒரு குதிரையும் இருந்தன. கீழே 'நம் தெருவுக்கு வரும் வழி' என்று எழுதி ஒட்டினான். குதிரை வந்திருக்கலாம். யார் கண்டது?

ஞாயிற்றுக்கிழமை தெருவே திரண்டு வந்தது. சுண்டல் தீர்ந்தது. பவானி யாழினியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்து வந்தாள். மோட்டார் சைக்கிள் படத்துக்கு முன்னால் நின்றாள்.

"மாமா, பின்னால வீட்டுச் சுவத்துல நெஞ்சு உயரத்துக்கு ஒரு கோடு போவுதே, அது என்னா?"

அறிவழகனுக்கு வியர்த்தது. "பார்டர். அந்தக் காலத்துல அப்படித்தான் பெயின்ட் அடிப்பாங்க."

"பக்கத்து வீட்லயும் இருக்கு."

"ஃபேஷன்."

"எல்லா வீட்லயும் ஒரே உயரத்துலயா?"

"ஒத்துமையான தெரு பவானி."

பொன்னுரங்கத்துக்குச் சுண்டல் புரையேறியது. பவானி அடுத்த படத்துக்கு நகர்ந்தாள். கடைசிப் படம்வரை பார்த்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"ஒத்துக்கறன் மாமா. நீங்க சொன்னதுதான் சரி. இதைவிட பத்திரமான எடம் ஜில்லாவுலயே கெடையாது."

அன்றைக்கு அறிவழகன் தரையில் நடக்கவில்லை. கோழி எடுத்து வந்தான். சாப்பிட்டான். மாமியார் வீட்டை வென்றவன் தூங்குவதுபோல் தூங்கினான்.

மறுநாள் காலை முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது சமையலறையில் பவானி போனில் பேசுவது காதில் விழுந்தது.

"ஆமாம்மா... அவுரே படம் போட்டு நிரூபிச்சிட்டாரு. அங்கதான் மழ வந்தா ஓடைத் தண்ணி ரோட்டுக்கு வந்துருதே, நீங்க ரெண்டு பேரும் இங்க வந்துருங்க... சேச்சே, அவுரு ஏன் சங்கடப்படறாரு? ரொம்ப சந்தோஷப்படுவாரு."

அறிவழகனின் ரேசர் கன்னத்தில் ஒரு கோடு போட்டது.

"யாரு வர்றாங்க?"

"அப்பாவும் அம்மாவும். பெரியப்பாவும் வரலாம்."

"எதுவரைக்கும்?"

"தை பொறக்கற வரைக்கும். அப்பா ஹால்ல படுத்துக்குவாராம். உங்க படமெல்லாம் சுத்தி இருக்கும், பேச்சுத் துணைக்கு நீங்களும் இருப்பீங்கன்னு அவுருக்கு ஒரே குஷி."

"நம்ம வீடு சின்ன வீடு பவானி."

"மனசு பெருசாச்சே மாமா உங்களுக்கு."

வீட்டில் குளியலறை ஒன்று. மாமனார் பேப்பர் படிப்பது அங்கேதான், விளம்பரம் உட்பட. சிதம்பரத்துக்குப் போனால் கேள்விகள் சாப்பாட்டு வேளையில் மட்டும். அவர் இங்கே வந்தாலோ, ஹாலில், பாய் போட்டு, பொழுதுக்கும். அறிவழகனுக்குத் தலை சுற்றியது.

வேண்டாம் என்று சொல்லிவிடலாமே என்பீர்கள். மாமனாரைப் பார்த்து 'எங்கள் வீட்டுக்கு வராதீர்கள்' என்று சொல்லும் வாய் எந்த மாப்பிள்ளைக்கும் இதுவரை முளைக்கவில்லை. அவராகவே மனசு மாற வேண்டும். அதற்கு ஒரே வழிதான் இருந்தது.

அன்று மாலை அறிவழகன் யாழினிக்குப் போட்டியாகத் தவழ்ந்து சோபாவுக்கு அடியில் போனான். பிளாஸ்டிக் பையோடு வெளியே வந்தான். மாமனாருக்கு வீடியோ கால் போட்டான்.

"சும்மாதான் மாமா கூப்டன். எங்க தெரு வரலாறு ஒங்களுக்குக் காட்டலாம்னு."

"காட்டுங்க மாப்ள, காட்டுங்க!"

"இதைப் பாருங்க, முழங்கால் அளவு. இது இடுப்பளவு. இது கூரைமேல ஆடு. இது சாமி, படகுல. இந்தப் படத்துல ஆளே தெரியல மாமா, ஆனா உள்ள நாலு பேரு இருக்காங்க."

திரையில் சபாபதியின் மூக்குக்கண்ணாடி மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அதற்குப் பின்னால் கண்கள் அதைவிடப் பெரிதாகிக்கொண்டிருந்தன. அறிவழகனுக்கு உற்சாகம் பிடிபடவில்லை.

"இப்படிப்பட்ட எடத்துக்கு யாராவது மழைக்காலத்துல..."

"அடப்பாவி மனுஷா!" என்று போன் அலறியது. "இந்த எடத்துலயா எம் பேத்திய வெச்சிருக்கீங்க? படிச்சவரு செய்யற காரியமா? நாளைக்குக் காலையில மூணு பேரும் இங்க இருக்கணும். ஏ ஞானம், மாடி ரூம பெருக்கு!"

கால் நின்றுபோனது. அறிவழகன் மெல்லத் திரும்பினான். பவானி கதவில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"இதெல்லாம் எந்தத் தெரு மாமா?"

"...நம்ம தெருதான்."

"பெட்டி பரண் மேல இருக்கு. ஸ்டூல் ஆடும், பாத்து ஏறுங்க."

மறுநாள் கொட்டும் மழையில் சிதம்பரம் பஸ் பிடித்தார்கள். புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் பவானி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு தூங்கிப்போனாள். வாயைத் திறந்துகொண்டு, அடித்துப் போட்டதுபோல ஒரு தூக்கம். அவள் அப்படித் தூங்கிப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்று அறிவழகனுக்கு அப்போதுதான் உறைத்தது. போனால் போகிறது, தோற்றாலும் மாமனார் படையெடுப்பைத் தடுத்தவன் நான்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

மாமியார் ஞானாம்பாள் சுடச்சுட இட்லி வைத்தாள். எதிரே மாமனார். அறிவழகன் பணிவாகவே பேச்சை எடுத்தான்.

"நல்லவேள மாமா. நீங்க ரெண்டு பேரும் கெளம்பி அங்க வந்து அவஸ்தப்படாம தப்பிச்சீங்க."

சபாபதி இட்லியைப் பிட்ட கையோடு நிமிர்ந்தார். "நாங்களா? மழ பேஞ்சா நான் தெருமுன டீக்கடைக்கே போவமாட்டன். கடலூருக்கு வர்றதா யாரு சொன்னது மாப்ள?"

அறிவழகன் பவானியைப் பார்த்தான்.

பவானி வாளியோடு பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"சாம்பார் ஊத்தவா மாமா?"