எவாரிஸ்தோ ஒரு முடிவுக்கு வருகிறார்

பாதி முகத்தில் சோப்பு நுரையோடு எவாரிஸ்தோ சபதம் எடுத்தார். இந்த ஜனவரி முடிவதற்குள் ஆர்கோ போனை விட்டு லும்ப்ரே போனுக்கு மாறியே தீருவது. யார் தடுத்தாலும் சரி.

யாரும் தடுக்கவில்லை என்பதுதான் உண்மை. ஏனென்றால் யாருக்கும் தெரியாது. முக்கியமாக, மனைவி தெல்ஃபினாவுக்குத் தெரியாது. தெரிந்தால் வீடு தாங்காது. மூன்று வருஷத்துக்கு முன்னால், கடலுக்குப் போகவென்று அவள் சேர்த்து வைத்த டாலரை எடுத்துத்தான் அவர் ஆர்கோவை வாங்கினார். வாங்கிய கையோடு, "இதான்டி என் கடைசி போன். என்னைப் புதைக்கும்போது இதையும் சட்டைப் பையில வெச்சுப் புதைச்சிரு" என்று சத்தியம் வேறு செய்துவிட்டார். அந்த ஆர்கோ இன்னும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. அதுதான் அவருக்கு எரிச்சல். மாடிப்படியில் உருண்டும் உடையவில்லை. மாத்தே பானத்தில் குளித்தும் அணையவில்லை. இப்படி ஒரு போனை வைத்துக்கொண்டு மனுஷன் எந்த முகத்தோடு புதுசு கேட்பது?

இரண்டும் ஆண்ட்ராய்டுதான். இரண்டும் அந்தந்தக் கம்பெனியின் தலைப்பிள்ளைதான். ஆனால் லும்ப்ரேவின் கேமரா இருக்கிறதே! ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர் வீட்டு அன்செல்மோ, அடுப்பில் மாட்டு விலாவைப் புரட்டிப் போட்டுவிட்டு, அந்த போனைத் தூக்கி, மலை மேல் உட்கார்ந்திருந்த கழுகின் மூக்கைக் காட்டினான். மூக்கில் இருந்த அழுக்குகூடத் தெரிந்தது. அன்று எவாரிஸ்தோவுக்கு இறைச்சி ருசிக்கவில்லை. அதிலிருந்து எங்கே உட்கார்ந்தாலும் இரண்டு போனையும் ஒப்பிடும் வீடியோதான். கழிப்பறைக்குப் போனால் காலே மரத்துப்போகும்.

இத்தனைக்கும் அவருடைய பிழைப்பே ஒப்பிடுவதுதான். அர்ஜென்டினாவின் மெந்தோசா நகரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். நாள் முழுக்க வருகிறவர்கள் கண் முன்னால் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பார். யாராவது கொஞ்சம் யோசித்தால், "இதுக்குப் போய் என்னய்யா யோசனை?" என்று எரிந்து விழுவார்.

மெந்தோசாவில் லும்ப்ரே விற்ற விலைக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கலாம். மலையைத் தாண்டி சிலிக்குப் போனால் பாதி விலை. ஊரே அப்படித்தான் செய்கிறது. டயரா, டிவியா, போனா, எல்லாம் அந்தப் பக்கம்தான். எவாரிஸ்தோ கணக்குப் போட்டார். மதியச் சாப்பாட்டின்போது தொண்டையைச் செருமினார்.

"தெல்ஃபினா, இந்த வருஷம் சிலிக்குப் போறோம். உன்னைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

தெல்ஃபினா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"யாரை?"

"உன்னைத்தான்டி."

"காய்ச்சல் கீய்ச்சல் அடிக்குதா உனக்கு?"

"கல்யாணம் ஆன புதுசுல போனது. பத்தொன்பது வருஷமா நீயும் கேட்டுக்கிட்டே இருக்க..."

"நீதானய்யா சொல்லுவ? அந்தத் தண்ணில முழங்கால் வரைக்கும் இறங்கினா எலும்பு உறைஞ்சுரும், அதுக்கு ஃபிரிட்ஜைத் திறந்து காலை உள்ள விட்டாப் போதும்னு?"

"அது அப்ப. இப்ப மனசு கெடந்து ஏங்குதுடி. அலை, காத்து, உப்பு..."

தெல்ஃபினா கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து வந்து அவருடைய வழுக்கைத் தலையில் ஒரு முத்தம் வைத்தாள். "நல்லா இருய்யா கெழவா" என்றாள். எவாரிஸ்தோவுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. ஆனால் லும்ப்ரேவை நினைத்ததும் சரியாகிவிட்டது.

திட்டம் சின்னதுதான். மூன்று நாள் கடற்கரையில் வாசம். நடுவில் ஒரு காலையில் நைசாக நழுவி போனை வாங்கிக் காலுறைக்குள் சொருகிவிடுவது. ஊருக்கு வந்த பிறகு, ஆர்கோ தொலைந்துவிட்டது என்று ஒரு பாட்டம் அழுதுவிட்டு இதை வெளியே எடுப்பது. ஒரே ஒரு சிக்கல். எவாரிஸ்தோ கையில் காசு நிற்காது. போன தடவை சிலிக்குப் போனபோது பர்ஸைப் பறிகொடுத்தவர். அதனால் போனுக்கென்று ஒளித்து வைத்திருந்த டாலரை ஒரு காகித உறையில் போட்டுத் தெல்ஃபினாவிடமே கொடுத்தார். வேண்டும்போது ஏதாவது சாக்குச் சொல்லி வாங்கிக்கொள்ளலாம்.

"அவசரத்துக்கு இருக்கட்டும். நீயே வெச்சுக்க."

"இவ்வளவா? எந்த அவசரத்துக்குய்யா?"

"வெளிநாடு. கார் நிக்கும், பல்லு வலிக்கும். யாரு கண்டா?"

"அதுவும் சரிதான்" என்று அவள் உறையை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டாள்.

வழியெல்லாம் மாத்தே ஊற்றிக் கொடுத்துக்கொண்டே வந்தாள். சிலிக்குள் நுழைந்ததும், பழம் கொண்டுவரக் கூடாது என்று சோதனைக்காரர்கள் அவள் கூடையிலிருந்த பீச் பழங்களைப் பிடுங்கிக்கொண்டார்கள். வழக்கமாக அதற்கு ஊரைக் கூட்டுகிறவள், "எடுத்துக்கங்கப்பா, நல்லா சாப்பிடுங்க" என்று சிரித்தாள். கடலோர ஊரான ரெஞாக்காவில் எர்சிலியா என்ற அம்மாளின் மாடி வீடு கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் கடல். தெல்ஃபினா பெட்டியைக்கூடத் திறக்காமல் அந்த ஜன்னலிலேயே நின்றாள்.

மறுநாள் காலை, "ரொட்டி வாங்கிட்டு வரேன்" என்று கிளம்பினார் எவாரிஸ்தோ.

கடை, கடற்கரை முனையில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. உள்ளே வெளிச்சத்தில், கண்ணாடி மேஜை மேல், கம்பியால் கட்டிப்போட்ட லும்ப்ரே. எவாரிஸ்தோ அதைக் கையில் எடுத்தார். அடடா! கருநீலம். ஓரமெல்லாம் வழவழவென்று. திரையில் விரலை வைத்தால் வெண்ணெயில் கத்தி இறங்கின மாதிரி ஓடியது. பையிலிருந்து ஆர்கோவை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். ஆர்கோ கீறலோடும் பொறுமையோடும் கிடந்தது. இதுவா, அதுவா? முடிவு செய்ய முடியாமல், ரொட்டியும் வாங்காமல் திரும்பினார்.

சாயங்காலம் மணலில் உட்கார்ந்து பொரித்த மீன் சாப்பிட்டார்கள்.

"அன்செல்மோ பாடு பாவம்யா" என்றாள் தெல்ஃபினா, முள்ளை எடுத்துக்கொண்டே. "அவன் போன் பேசப் பேச இஸ்திரிப் பெட்டி மாதிரி சுடுதாம். காதுல வெண்ணெய் தடவிக்கிறானாம்."

எவாரிஸ்தோ மீனைக் கீழே வைத்தார். "எந்த போன்? அந்த லும்ப்ரேவா?"

"லும்ப்ரேவோ கிம்ப்ரேவோ, எனக்கென்ன தெரியும்? அவன் பொண்டாட்டி சொன்னா."

மறுநாள் கடையில் அவர் லும்ப்ரேவைக் காதில் வைத்து அரை மணி நேரம் பேசினார். விற்பனைப் பெண் ஹவியேரா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"ஐயா, யாரோட பேசுறீங்க? அதுல சிம்மே இல்லையே."

"சூடு பாக்கறேன்மா."

சுடவில்லை. துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அன்று சாயங்காலம் தெல்ஃபினா அவருடைய ஆர்கோவைக் கையில் எடுத்துத் தடவிக்கொண்டே சொன்னாள்: "என்னதான் சொல்லு, இது கைக்குப் பழகின பழைய செருப்பு மாதிரிய்யா. புதுசு போட்டா கடிக்கும். ஆமா, இதுல இருக்கற போட்டோவெல்லாம் வேற கம்பெனி போனுக்கு மாத்தினா பாதி காணாமப் போகுமாமே?"

"யாரு சொன்னா?"

"சும்மா, காதுல விழுந்தது."

மூன்றாம் நாள் போட்டோ ஆராய்ச்சியிலேயே போய்விட்டது. கிளம்ப வேண்டிய நாள் வந்தது. எவாரிஸ்தோ தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"தெல்ஃபினா... இன்னும் ஒரு மூணு நாள் இருந்துட்டுப் போவோமா?"

"ஏன்யா? கடை?"

"கடை கெடக்குது. கடலை விட்டு வர மனசே வரலடி."

"உனக்கா? கடலையா?"

"எனக்குத்தான்!"

"பாவம், உனக்கு அவ்வளவு ஆசையா இருந்தா நான் குறுக்க நிக்கலை" என்று பெருமூச்சு விட்டபடி வீட்டுக்கார அம்மாளிடம் சொல்லப் போனாள். பெருமூச்சு மெதுவாகத்தான் இருந்தது, கால்தான் ஓடியது.

சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே! எவாரிஸ்தோ தினமும் கடலில் இறங்க வேண்டியதாயிற்று. முதல் அலை தொட்டதும் அவர் போட்ட அலறலில் பக்கத்தில் நின்ற குழந்தைகள் கரைக்கு ஓடின. "எப்படிய்யா இருக்கு?" என்று தெல்ஃபினா கேட்டாள். "சொ... சொ... சொர்க்கம்" என்றார், பல் தந்தியடிக்க.

முதலாளிக்குப் போன் போட்டு, கண்வலி என்றார். கண் பார்க்கிறவனுக்கே கண்வலியா என்று முதலாளி கத்தினார். மூன்று நாள் முடிந்தது. லும்ப்ரே கனம் ஜாஸ்தி, சுண்டுவிரல் வளைந்துபோகும் என்று ஒரு சாயங்காலம் தெல்ஃபினாவுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். இன்னும் மூன்று நாள். ஹவியேரா இப்போதெல்லாம் அவருக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்தாள்.

முடிவு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. லும்ப்ரேவின் கம்பி ஜன்னல் வரைக்கும் எட்டும் என்று அன்றுதான் கண்டுபிடித்தார். கேமராவைக் கடற்கரைப் பக்கம் திருப்பி, பெரிதாக்கினார். குடைகள் வந்தன. இன்னும் பெரிதாக்கினார். ஒரு மஞ்சள் தொப்பி வந்தது. தெல்ஃபினா! பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். அலை வந்து மோதியது. அவள் வாயைத் திறந்து சிரித்தாள். தொப்பிக்கு வெளியே பறந்த நரைமுடி தெரிந்தது. இவ்வளவு அழகாகச் சிரிப்பாளா இவள்? கண்ணை எடுக்காமல் அந்தத் தண்ணீரையே பார்த்தாள். அந்தப் பார்வையை எவாரிஸ்தோவுக்கு நன்றாகத் தெரியும். பத்து நாளாக அவரே கண்ணாடி மேஜை முன்னால் அப்படித்தான் நின்றார். ஏக்கம் என்றால் அப்படி ஓர் ஏக்கம். பத்தொன்பது வருஷமா இவளை இப்படியா காய விட்டேன் என்று நினைத்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி திரையைப் பார்த்தார்.

"என்னா கேமராடா சாமி!" என்று கத்தினார். "எடுத்து வைம்மா! வாங்கறேன்! இதோ வரேன்!"

ஹவியேரா கை தட்டினாள். எவாரிஸ்தோ படிகளில் ஓடினார். மணலில் ஓடினார். தண்ணீரிலேயே இறங்கிவிட்டார். அலறக்கூட மறந்துபோனார்.

"தெல்ஃபினா! அந்த உறை எங்க?"

"எந்த உறை?"

"அவசரத்துக்குக் குடுத்தேனே, அந்தப் பணம்டி!"

"அதுவா?" என்றாள் அவள், தொப்பியைச் சரிசெய்துகொண்டே. "கடலை விட்டு வரமாட்டேன்னு நீ அடம் பிடிச்ச பாரு, ஒவ்வொரு தடவையும் வாடகைக்கு அதுலதான் எடுத்தேன். அப்புறம் மீனு, நண்டு, உனக்கு அந்தச் சிப்பி சூப்பு. நேத்தோட தீந்துபோச்சுய்யா. ஏன், பல்லு வலிக்குதா?"

எவாரிஸ்தோ வாயைத் திறந்தார். போனுக்கு வைத்த பணம் என்று சொல்லலாம். சொன்னால் கடல் எதற்கு என்று கேட்பாள். கடைசி போன் என்ன ஆச்சு என்று கேட்பாள். வாயை மூடிக்கொண்டார்.

"இல்ல... சும்மாதான் கேட்டேன்."

"நடுங்கறியேய்யா. வா, கரைக்குப் போலாம்."

மறுநாள் ஊர் திரும்பினார்கள். மலை வளைவுகளில் கார் ஏறியது. எவாரிஸ்தோ மாத்தேகூட வேண்டாம் என்றுவிட்டார். ஹவியேரா எடுத்து வைத்த அந்தக் கருநீலப் பெட்டி இப்போது வேறு யார் கையில் இருக்குமோ என்ற நினைப்பு வந்தபோதெல்லாம் கியரை வெடுக்கென்று போட்டார். எல்லையில் அர்ஜென்டினா சுங்க அதிகாரி ஜன்னலில் குனிந்தார்.

"என்ன வாங்கினீங்க?"

"ஒண்ணும் இல்ல சார்."

"போன்?"

"இல்ல."

"டிவி? டயர்?"

"இல்ல சார். சும்மா கடல் பாக்கப் போனோம்."

அதிகாரி நிமிர்ந்து பக்கத்துக் கூண்டைப் பார்த்துக் கத்தினார். "ஏய், இங்க வாடா! மெந்தோசாக்காரரு சிலிக்குக் கடல் பாக்கப் போனாராம்! எறங்குங்க ரெண்டு பேரும். டிக்கியைத் திறங்க."

அதிகாரிகள் இரண்டு பேரும் சேர்ந்து குடைந்தார்கள். எவாரிஸ்தோ முதலில் வெறுப்போடுதான் நின்றார். பிறகு தெல்ஃபினாவைப் பார்த்தார். அவள் பதற்றமே இல்லாமல் நின்றாள். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வேறு. அவருக்குப் பொறிதட்டியது. இவளுக்குத் தெரிந்திருக்குமோ? பணம் தீர்ந்தது என்று சொல்லிவிட்டுப் போய் வாங்கியிருப்பாளோ? பத்தொன்பது வருஷம் கழித்துக் கடலைக் காட்டின புருஷனுக்கு ஒரு போன் வாங்கித் தர மாட்டாளா என்ன? "நல்லாத் தேடுங்க சார்" என்றார் எவாரிஸ்தோ. "அவசரமே இல்ல. அந்த நீச்சல் துணி மூட்டையையும் பாருங்க."

அதிகாரி மூட்டைக்குள் கையை விட்டார். நின்றார். "ஆகா" என்றார். துண்டுக்குள் சுற்றி, தட்டையாக, உள்ளங்கை அகலத்துக்கு, கெட்டியாக ஏதோ ஒன்று. எவாரிஸ்தோவுக்கு அழுகையே வந்துவிட்டது. 'என் ராசாத்தி' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். அதிகாரி துண்டைப் பிரித்தார். ஒரு மரப்பலகை. அதன் ஓரத்து ஓட்டையில் ஒரு சாவி தொங்கியது.

"வீட்டுச் சாவிங்க" என்றாள் தெல்ஃபினா அதிகாரியிடம். "அடுத்த ஜனவரிக்கும் அந்த வீடு எங்களுக்குத்தான்னு எர்சிலியாம்மா இப்பவே குடுத்துட்டாங்க."

பிறகு எவாரிஸ்தோவின் முதுகை அன்போடு தடவிக் கொடுத்தாள்.

"அதுக்குள்ள லும்ப்ரேல அடுத்த மாடலே வந்துரும்யா. அப்ப வந்து, நிதானமா யோசிச்சு முடிவு பண்ணு."