மரத்தின் இடுப்பளவு

அன்புள்ள அத்தைக்கு,

இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். மாமாவிடம் கூடாது, அவர் மறுநாளே அப்பாவுக்கு ஃபோன் போட்டு, "என்னப்பா, உன் பொண்ணு என்னவோ எழுதியிருக்காளே" என்று ஆரம்பித்துவிடுவார். உங்கள் மரமில்லில் வேலை செய்பவர்களிடம் படித்துக் காட்டிச் சிரிக்கவும் கூடாது. படித்து முடித்ததும் கிழித்து மரத்தூள் குவியலுக்குள் புதைத்துவிடுங்கள். முதலில் எழுதவேண்டிய வணக்கத்தை இப்போது எழுதுகிறேன், மன்னிக்கவும். வணக்கம். நீங்கள், மாமா, உங்கள் லாரி எல்லோரும் நலம்தானே? இங்கு நாங்களும் நலம். வரும் சனிக்கிழமைவரை நலம். அதற்குப் பிறகும் நலமா என்பது உங்கள் கையில் இருக்கிறது.

ஃபோனில் சொல்லலாமே என்பீர்கள். ஃபோன் அப்பாவின் தையல் மேசைமேல் இருக்கிறது. அப்பாவும் அங்கேயேதான் இருக்கிறார். நீங்களோ மில்லிலிருந்து பேசினால், "என்னது? சத்தமா சொல்லு!" என்பீர்கள். இது சத்தமாகச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. அம்மாவுக்கு இந்த வாரம் ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி. நான் போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். முன்னறையில் அப்பாவின் தையல் மெஷின் ஓடுகிறது. அது ஓடுகிறவரை எனக்குப் பயமில்லை. அது நின்றால் பேனாவை மூடி, டார்ச்சை அணைத்துவிட்டுக் குறட்டை விட ஆரம்பித்துவிடுவேன். அங்கங்கே கையெழுத்து குதித்திருந்தால், அந்த இடத்தில் அப்பா நூல் மாற்றினார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். அப்பா மரம் அறுக்கும் மெஷின் வாங்கப் போகிறார். பெட்ரோல் ஊற்றிக் கயிற்றை இழுத்தால் சங்கிலி சுற்றுமே, அதுதான்.

சிரிக்காதீர்கள் அத்தை. மரியாதையோடு சொல்கிறேன், இதற்குக் காரணமே நீங்கள்தான். அன்று அடித்த காற்றில் எங்கள் கொல்லைப்புறத்துப் பெரிய மரம் சாய்ந்ததும் நீங்கள் ஃபோன் செய்தீர்கள் அல்லவா? "தம்பி, நீ மரத்தைத் தொடாதேடா, நான் ஒரு நாள் வந்து பாத்துக்கறேன்" என்பதோடு நிறுத்தியிருக்கலாம். "நூல் அறுக்கவே பல்லைத் தேடுறவன் நீ" என்று சேர்த்துச் சொன்னீர்கள். உங்கள் குரல்தான் தெரு முனைவரை கேட்குமே. முன்னறையில் தைத்த சட்டையை வாங்க வந்திருந்த இரண்டு பேரும் அதைக் கேட்டுவிட்டார்கள். அப்பா ஃபோனை வைத்துவிட்டு, கழுத்திலிருந்த டேப்பை இரண்டு பக்கமும் சமமாக இழுத்துவிட்டுக்கொண்டு, "வருஷா வருஷம் காத்தடிச்சா ஒரு மரம் விழத்தான் போகுது. ஒவ்வொரு தடவையும் அக்கா முன்னாடி கைகட்டி நிக்கணுமா? நமக்குன்னு ஒரு மெஷின் இருந்தா என்ன குறைஞ்சுபோச்சு?" என்றார். அதில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். எப்போதாவது ஒருமுறை கனமான மரம் அறுக்கிற வீட்டில் ஒரு மெஷின் இருப்பது நல்லதுதான். எந்த மெஷின் என்பதில்தான் எங்கள் குடும்பம் ஆட்டம் காண்கிறது.

அப்பா உடனே அளவெடுக்கப் போனார். அவருக்குத் தெரிந்தபடி எடுத்தார். ஒரு டேப் போதவில்லை என்று இரண்டு டேப்பைக் குண்டூசியால் கோத்து, மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "அந்தப் பக்கம் பிடிம்மா, தொய்வு விடாதே" என்று எனக்கும் வேலை கொடுத்து, மரத்தின் இடுப்பைச் சுற்றி அளந்தார். எண்பத்தெட்டு இஞ்ச் வந்தது. "உள்தையலுக்கு ரெண்டு இஞ்ச் விடணும்" என்று தானாகவே சொல்லிக்கொண்டு தொண்ணூறு என்று சாக்பீஸால் மரத்திலேயே எழுதினார். நான், "அப்பா, இது சுற்றளவு. அறுக்கறதுக்குக் குறுக்களவுதான் வேணும்" என்றேன். "உனக்கு முன்னாடி பொறந்தவங்களுக்கெல்லாம் நான் அளவெடுத்திருக்கேன். இதுவரைக்கும் ஒருத்தர் இறுக்குதுன்னு சொன்னதில்லை" என்றார். அது உண்மைதான். ஆனால் அவர்களில் யாரையும் அப்பா குறுக்கே அறுக்கவில்லை.

மெஷின் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சுவர் முழுக்க மெஷின்கள் கோட்டு மாட்டியதுபோலத் தொங்கின. அப்பா ஒவ்வொன்றையும் இறக்கி, கத்தரிக்கோலைப் பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடி, சங்கிலி ஓடும் நீளத் தகட்டை நோட்டம் விட்டு, சங்கிலியின் பல்லில் கட்டைவிரலை வைத்து ஓட்டிப் பார்த்தார். முதல் மெஷினிலேயே ரத்தம் வந்துவிட்டது. "கூர்மை பரவாயில்லை" என்றார். கடைக்காரர் பிளாஸ்டர் ஒட்டிவிட்டு, "எவ்வளவு பெரிய மரம் சார்?" என்று கேட்டார்.

"தொண்ணூறு இஞ்ச்."

கடைக்காரர் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார். "சார், அது மரமா, கலங்கரை விளக்கமா?"

"காத்துல சாஞ்சிருச்சு."

"காத்துலயா? கப்பல் ஏதாவது மோதியிருக்கும், நல்லாப் பாருங்க."

பிறகு அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. உள்ளேயிருந்து ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினார். "எங்ககிட்ட வர்றதுலயே பெரிசு முப்பத்தாறு இஞ்ச் தகடுதான். காட்டுக்குள்ள வேலை பாக்குறவங்க வாங்குறது. கையில இல்லை, சனிக்கிழமை வந்துரும்." அப்பா உதட்டைப் பிதுக்கி, "முப்பத்தாறா? ரொம்பக் குட்டையா இருக்கே. சரி, சுத்திச் சுத்தி வந்து அறுத்துக்கறேன்" என்றார். நான் வாயைத் திறந்தேன். அப்பா என் பக்கம் திரும்பாமலேயே, "மூடு" என்றார்.

இதுகூடப் பரவாயில்லை அத்தை. கடைக்காரர் நல்ல மனிதர், மரம் அறுக்கும்போது போட்டுக்கொள்ளும் பாதுகாப்பு பேன்ட் ஒன்றையும் எடுத்துப்போட்டார். அப்பா அதைத் திருப்பி உள்தையலைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். "இதுக்குப் பேரு தையலா? இதைப் போட்டுக்கிட்டு நான் வெளியே வந்தா, நாளைக்கு எங்கிட்ட யாராவது துணி குடுப்பாங்களா?" என்று கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து தானே ஒன்று தைக்கத் தொடங்கிவிட்டார். இப்போது முன்னறையில் ஓடுவது அதுதான். பழைய திரைச்சீலைத் துணிக்குள் சட்டைக் காலருக்கு வைக்கும் கான்வாஸை அடுக்கடுக்காக வைத்துத் தைக்கிறார். கடைப் பேன்ட்டுக்குள் இருப்பது நீளநீளமான நார். சங்கிலி பட்டால் அந்த நார் உருவிக்கொண்டு வந்து பல்லில் சிக்கி மெஷினை நிறுத்திவிடும். காலர் கான்வாஸ் எதையும் நிறுத்தாது. காலரை மட்டும் நிற்கவைக்கும். அம்மாவிடம் சொன்னேன். அவசர சிகிச்சை வார்டு நர்ஸ் இல்லையா, அவள் பதறவே இல்லை. அப்பாவிடம் போய், "ஒண்ணும் பிரச்சினை இல்லைங்க. ரத்த வகையை மட்டும் பேன்ட்டுல பெரிசா எம்பிராய்டரி பண்ணிடுங்க, எங்களுக்கு வேலை சுலபமா இருக்கும்" என்றாள். அப்பா, "எந்த நிற நூல் எடுப்பா இருக்கும்?" என்று கேட்டார்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நினைப்பீர்கள். கடைக்காரர் கொடுத்த விளக்கப் புத்தகத்தை அப்பா பிரிக்கவே இல்லை. நான் அட்டை முதல் அட்டைவரை படித்தேன். செயின் ரம்பத்தைப் பற்றி எனக்கு எல்லாமே தெரியும் அத்தை, ஓட்டத்தான் தெரியாது. எண்பத்தெட்டை மூன்று சொச்சத்தால் வகுத்தால் குறுக்களவு இருபத்தெட்டு. இரண்டு பக்கமிருந்தும் அறுத்தால் அதற்கு இருபது இஞ்ச் தகடே தாராளம். பேட்டரி மெஷின் கிளை கழிக்க நல்லது. இந்தத் தடிமனுக்கு மூச்சு வாங்கிவிடும். ஆகவே நடுத்தரமான பெட்ரோல் மெஷின், கையை முன்னால் தள்ளினால் சங்கிலி நிற்கிற பிரேக், உருப்படியான பேன்ட், முகத்துக்கு வலை வைத்த ஹெல்மெட். வேலை முடிந்ததும் டேங்கில் பெட்ரோலை விட்டுவைக்கக் கூடாது. அடுத்த காற்று வருவதற்குள் பிசினாகிவிடும். இவ்வளவுதான். அப்பா கேட்டிருக்கும் மெஷின் தண்ணீர்க் குடம் கனம் கனக்கும். இஸ்திரிப்பெட்டியைக் கொஞ்ச நேரம் பிடித்தாலே அவருக்கு முழங்கை பிடித்துக்கொள்ளும். தகட்டின் நுனி கட்டையில் இடித்தால் மெஷின் முகத்தைப் பார்த்து எகிறும் என்று புத்தகத்தில் படம் போட்டிருக்கிறது. அந்தப் படத்து ஆளுக்கு அப்பாவின் மீசை. நான் வரையவில்லை, அச்சிலேயே அப்படித்தான் இருக்கிறது.

எனக்கு மெஷின்மேல் பயம் இல்லை அத்தை. அப்பாவின் வலது கால்மேல்தான் பயம். அவர் தையல் மெஷினை மிதிக்கிற கால் அது. குழந்தையிலிருந்து அந்தச் சத்தத்தில்தான் நான் தூங்குகிறேன். அது நின்றால் விழித்துக்கொள்வேன். அந்தக் காலுக்கு ஒன்று ஆனால் இந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது. அதனால்தான் அப்பாவுக்குத் தெரியாமல் இந்தத் துரோகத்தைச் செய்கிறேன்.

எனவே என் திட்டம் இது. சனிக்கிழமை காலையில் நீங்கள் ஏதோ மரம் ஏற்ற இந்தப் பக்கம் வந்ததுபோல லாரியோடு வாருங்கள். பல், நூல் என்று எதையும் பேசாதீர்கள். நான் தலைவலி என்று படுத்துக்கொள்கிறேன்; எனக்குப் பதிலாக நீங்கள் அப்பாவுக்குத் துணையாகக் கடைவரை போங்கள். முக்கியமான விஷயத்தைக் கடைசியில் வைத்திருக்கிறேன்: மரம் முழுதும் தரையில் படுத்திருக்கவில்லை. ஒரு பக்கம் மதில்மேல் முட்டுக்கொடுத்து வில் மாதிரி வளைந்து நிற்கிறது. அப்பா முதலில் அறுக்கப்போவதாகச் சாக்பீஸால் கோடு போட்டிருப்பது சரியாக

மெஷின் நின்றுவிட்டது. நூல் மாற்றுகிறாராக இருக்கும்.

இல்லை. செருப்புச் சத்தம். அத்தை, அந்த வளைவில் மட்டும் அறுக்க விடாதீர்கள், அது எகிறி அடிக்கும், கதவைத் தட்டுகி

பி.கு.: மேலே உள்ளதை எல்லாம் அப்பா படித்துவிட்டார்.

கதவைத் தட்டியது, புதுப் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு பின்பக்கம் எப்படி விழுந்திருக்கிறது என்று என்னிடம் கேட்பதற்காக. முழங்கால் மடங்காததால் காம்பஸ் நடப்பதுபோல நடந்துவந்தார். நான் விட்ட குறட்டையை நம்பவில்லை. போர்வைக்குள் வெளிச்சம் தெரிந்திருக்கிறது. பேன்ட்டோடு உட்கார முடியாது என்பதால் நின்றபடியே படித்தார். மீசை விஷயத்தில் மீசையைத் தடவினார். வலது கால் விஷயத்தில் வெகுநேரம் நின்றார். பக்கத்தைத் திருப்பவே இல்லை. பிறகு, "இருபத்தெட்டுதானா?" என்று கேட்டார். பொத்தானை இடதுபக்கம் மாற்றித் தைத்துக் கொடுத்துவிட்டவர் மாதிரி இருந்தது முகம்.

"அக்கா வரட்டும்" என்றார். "ஆனா நான் கூப்பிட்டதா இருக்கக் கூடாது. கடையில மெஷினைப் பொறுக்குறது நான்தான். தப்பானதைத் தொட்டா அவ இருமட்டும், போதும். அந்தக் கடைப் பேன்ட்டையும் வாங்கிக்கறேன். தையலைப் பிரிச்சு நான் திருப்பித் தைச்சுக்கறேன்." நார் இருக்கும் பகுதியில் ஊசி படக்கூடாது என்று புத்தகத்தில் இருப்பதாகச் சொன்னேன். ஓரத்தை மட்டும் என்று பேசி முடித்திருக்கிறோம். ஆகவே கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள் என்று எழுதியதை எடுத்துக்கொள்ள வேண்டாம். தாராளமாகக் காட்டலாம், அப்பாவே அனுமதி கொடுத்துவிட்டார்.

ஒன்றைத் தவிர. "இடுப்பளவு எடுத்ததை மட்டும் அவ படிக்கக் கூடாது. படிச்சா நான் கிழவனாகிற வரைக்கும் சொல்லிக் காட்டுவா" என்று கத்தரிக்கோலை எடுத்துவந்து, அளவெடுத்த இடத்திலிருந்து கலங்கரை விளக்கம்வரை ஸ்கேல் வைத்ததுபோல நேராக வெட்டி, துண்டுத்துணிக் கூடையில் போட்டுவிட்டுப் போய்த் தூங்கிவிட்டார். நல்லவேளை, நான் தாளில் ஒரு பக்கம்தான் எழுதியிருந்தேன்.

காலையில் அந்தத் துண்டை எடுத்து, அதே இடத்தில் வைத்து நூலால் தைத்திருக்கிறேன். என்ன இருந்தாலும் நான் தையல்காரர் மகள். படித்ததும் தையலைப் பிரித்து அந்தத் துண்டை மட்டும் மரத்தூளில் புதைத்துவிடுங்கள். மாமாவுக்கு என் வணக்கம். வழக்கமாக உங்கள் ஆசீர்வாதத்தை என் தலைக்குத்தான் கேட்பேன்; இந்த முறை அப்பாவின் கால்களுக்கு அனுப்பிவையுங்கள்.

கடையில் அப்பா, "இருபத்தெட்டு இஞ்ச் மரத்துக்கு" என்று சொல்லும்போது, கடைக்காரர் அவரை ஒரு மாதிரி பார்ப்பார். அப்போது நீங்கள் இருமலாம் அத்தை. சிரித்துவிட்டால் நான் தைத்தது தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
நீங்கள் 'குட்டி வக்கீல்' என்று கூப்பிடும்
உங்கள் தம்பி மகள்