தனிப்பயணியும் பதினொரு பேரும்

தனிப்பயணி என்றோர் இனம் நம்மிடையே பெருகி வருகிறது. நீங்களும் கவனித்திருப்பீர்கள். முன்பெல்லாம் நம்மவர்கள் ஊர் பார்க்கப் புறப்பட்டால் ஏழு பேர் ஏறும் வான் வண்டியில் ஒன்பது பேர் ஏறி, அவித்த முட்டையும் ரோல்ஸும் பிளாஸ்கில் தேத்தண்ணியும் கட்டிக்கொண்டு, பெரிய நகரம் ஒன்றின் கார்த்தரிப்பிடத்தில் இறங்கி, அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே படம் எடுத்து, இருட்ட முன்னம் வீடு வந்து சேர்வார்கள். நகரம் பார்த்தாயிற்று. ஒருவருக்கும் ஒரு குறையுமில்லை.

இப்போது அப்படியா? ஐம்பது தாண்டிய ஒருவர், பிறந்தநாள் விழாவில், எல்லாருடைய வாயிலும் கேக் இருக்கும் நேரம் பார்த்துத் தொண்டையைச் செருமுகிறார். "நான் ஒருக்காத் தனியப் போகப்போறன்." எங்கே என்று கேட்கிறீர்கள். "தனிய," என்கிறார். அது ஓர் இடத்தின் பெயர் இல்லையே என்று நீங்கள் யோசித்து முடிப்பதற்குள் அவர் உங்களை இரக்கத்தோடு பார்த்து அடுத்த வசனத்தை எடுத்து விடுகிறார்: "ஆக்களோட போனால் ஆக்களைத்தான் பாக்கலாம். ஊரைப் பாக்கேலாது."

இந்த வசனம் எல்லாத் தனிப்பயணிகளுக்கும் பொது. எந்த யூடியூப்பில் விற்கிறார்களோ தெரியாது. கூடவே பதினாறு ஜிப் வைத்த முதுகுப்பை ஒன்றும் வரும். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே வாங்கி, அதை முதுகில் மாட்டிக்கொண்டு வெங்காயம் உரிப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. தனியப் போவதைப் பற்றி ஒருவரிடமும் சொல்லாமல் இருக்க அவர்களால் முடியாது. யாருக்கும் தெரியாமல் தனியப் போய் என்ன பயன்?

ஹோர்சன்ஸ் நகரத்து நவரத்தினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வயது ஐம்பத்தெட்டு. களஞ்சியம் ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். டென்மார்க் வந்து முப்பத்தைந்து வருடம். இத்தனை வருடத்தில் தலைநகரமான கொப்பன்ஹேகனில் அவர் கண்டது விமான நிலையம், இரண்டு கல்யாண மண்டபம், நகரத்துக்கு வெளியே அல்பர்ட்ஸ்லுண்டில் மனைவியின் தம்பி தவராஜா வீட்டுச் சோபாச் செற்றி. இதில் அதிகம் கண்டது செற்றியைத்தான். ஒவ்வொரு முறையும் நகரம் பார்க்கவென்றுதான் போவார். போனதும் தேத்தண்ணி வரும், தேத்தண்ணி முடியச் சாப்பாடு வரும், சாப்பாடு முடியக் கல்யாண ஆல்பம் வரும், ஆல்பம் முடியுமுன்னர் பக்கத்து வீட்டுக்காரர் செய்தி அறிந்து வருவார், அவர் வீட்டுக்கும் ஒருக்கால் வரவேண்டும் என்பார், அங்கேயும் தேத்தண்ணி, அங்கேயும் ஆல்பம். மூன்றாம் நாள் ரயிலேறும்போது பார்த்தால் ஐந்து செற்றிகளில் இருந்திருப்பார். நகரம் இருந்த இடத்தில் இருக்கும்.

ஆகவேதான் இந்த முறை நவரத்தினம் ஹோட்டல் எடுத்தார். மூன்று நாள். தனிய. அல்பர்ட்ஸ்லுண்டுக்குச் சொல்லாமல்.

நம்மிடையே இது எப்பேர்ப்பட்ட குற்றம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஓர் ஊருக்குப் போய், சொந்தக்காரர் வீட்டு வாசலை மிதிக்காமல், பச்சைத்தண்ணியும் குடிக்காமல் திரும்புவது. நவரத்தினத்துக்கு இது நன்றாகத் தெரியும். ஏனென்றால் இதே குற்றத்துக்குத் தண்டனை கொடுத்தவர் அவர்தான். ஹோர்சன்ஸில் ஒரு சாமத்தியவீட்டு விழாவுக்கு வந்த தவராஜா, மண்டபத்தில் சாப்பிட்டு, இரவு வேலை இருக்கிறதென்று மூன்று கிலோமீற்றர் தள்ளியிருந்த அக்கா வீட்டுக்கு வராமலே காரைத் திருப்பிவிட்டார். "மண்டபத்தில சாப்பிட்டது எங்கட வீட்டில சாப்பிட்டதாகுமோ?" என்று நவரத்தினம் கேட்டார். கேட்டவர் அதோடு ஆறு வருடம் மச்சானோடு கதைக்கவில்லை. நடுவில் நின்ற மனைவி ராசமலர் இரண்டு பக்கமும் அழுது, இரண்டு பக்கமும் பொய் சொல்லி, போன தைப்பொங்கலுக்குத்தான் ஒருவாறு ஒட்டவைத்தார்.

"தம்பிக்குத் தெரிஞ்சால்?" என்று ராசமலர் கேட்டார்.

"தெரியாதப்பா."

"தெரிஞ்சால் இந்தமுறை நான் நடுவில நிக்கமாட்டன். எனக்கு வயசு போட்டுது. நீங்களாச்சு, அவனாச்சு."

மகள் சாரங்கி, "கோ துர், ஃபார்," என்று டேனிஷில் நல்ல பயணம் வாழ்த்திவிட்டுக் கைபேசிக்குத் திரும்பினாள். கோல்டிங்கில் இருந்து பழைய கூட்டாளி யேசுரட்ணம் போனெடுத்தார். "எல்லாஞ் சரி. நீர் தனியப் போனதுக்கு ஆர் சாட்சி?"

அந்தக் கேள்விதான் வினை.

ரயிலில் நவரத்தினம் அமைதிப் பெட்டியில் இருக்கை எடுத்திருந்தார். கதைக்கக்கூடாது என்று கண்ணாடியில் எழுதியிருக்கும் பெட்டி. தனிமைக்கு அதைவிட நல்ல இடம் எது? வேய்லேயில் வீட்டுக்குப் போனெடுத்து வேய்லே வந்துவிட்டதென்றார். ஓடென்ஸவில் ஓடென்ஸ வந்துவிட்டதென்றார். கடல்மேல் பெரிய பாலம் வந்தபோது எதிரிலிருந்த டேனிஷ் அம்மையார் கண்ணாடி எழுத்தை விரலால் காட்டினார். நவரத்தினம் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போனில் தொடர்ந்தார்: "இஞ்ச ஒருத்தரும் கதைக்கேலாதாம். அவ்வளவு அமைதி, கேட்டீரோ?"

பதினொன்றரைக்கு ஹோட்டலில் பையை வைத்தார். பன்னிரண்டே காலுக்கு வட்டக்கோபுரத்தின் உச்சியில் நின்றார். உச்சி கிட்டும்வரை படியே இல்லாமல் உள்ளுக்குள் சுற்றிச் சுற்றிச் சரிவாக ஏறும் பழைய கோபுரம். மேலே வெயில், காற்று, நாலாபக்கமும் சிவப்புக் கூரைகள், பச்சைக் கோபுர முனைகள், தூரத்தில் கடல். இருக்கட்டும். கைபேசியை எடுத்துத் தன் முகத்தை நடுவில் வைத்து, நகரத்தைக் காதுக்குப் பின்னால் வைத்து, ஒரு படம் எடுத்தார். 'தனிமையே துணை' என்று கீழே எழுதினார். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடவேண்டியதுதான் மிச்சம்.

இங்கேதான் அவர் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டார். ஹோர்சன்ஸ் பார்க்கட்டும், கோல்டிங் பார்க்கட்டும், கனடாவும் பாரிஸும் பார்த்து வயிறெரியட்டும். அல்பர்ட்ஸ்லுண்ட் மட்டும் பார்க்கக்கூடாது. அதற்கு ஒரு வசதி உண்டென்று சாரங்கி காட்டிக்கொடுத்திருந்தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மறைக்கவேண்டிய பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடித் தொட்டார். தவராஜா. தவராஜாவின் மனைவி சுஜீவா. பக்கத்து வீட்டுக்காரர். அவருடைய மைத்துனி. ஆல்பம் காட்டியவர்கள், காட்டப்போகிறவர்கள். மொத்தம் பதினொரு பேர். ஒருவரையும் விடவில்லை. பிறகு படத்தை அனுப்பிவிட்டு, முப்பத்தைந்து வருடத்தில் முதல்முறையாக நிம்மதியாக மூச்சுவிட்டார்.

பத்து நிமிடம் போயிற்று. ஹோர்சன்ஸ் அசையவில்லை. கனடா நித்திரையாக இருக்கலாம், கோல்டிங்குக்கு என்ன வந்தது? வீட்டுக்குப் போனெடுத்தார்.

"படம் பாத்தனீரோ?"

"என்ன படம்? ஒண்டும் வரேல்லையே," என்றார் ராசமலர்.

நவரத்தினம் ஸ்டேட்டஸைத் திறந்தார். பதினொரு பேர் பார்த்திருந்தார்கள். அதே பதினொரு பேர். 'இவர்களைத் தவிர எல்லாருக்கும்' என்று தொடவேண்டிய இடத்தில், நெற்றியில் கண்ணாடியோடு, 'இவர்களுக்கு மட்டும்' என்று தொட்டிருந்தார். உலகத்தில் யாருக்குத் தெரியக்கூடாதோ அவர்களுக்கு மட்டும், ஆள்விலாசம் பிசகாமல், தனித்தனியாக அறிவித்திருந்தார்.

கைபேசி அடித்தது. தவராஜா.

"அத்தான், எங்க நிக்கிறியள்?"

"நானோ? வீட்டிலதான்."

"ஓம்? ஹோர்சன்ஸிலயும் வட்டக்கோபுரம் கட்டிப்போட்டாங்களோ?"

நவரத்தினம் கைபேசியைக் காற்றுக்கு மறைத்துப் பிடித்தார். காற்றுத்தான் பேசியது.

"சரி, அங்கேயே நில்லுங்கோ. லீவில நிக்கிறன். வாறம்."

வட்டக்கோபுரத்தில் ஏறவும் இறங்கவும் ஒரே வழி. கட்டியவன் நம் இனத்தை அறிந்து கட்டியிருக்கிறான். அரை மணித்தியாலம் மேலே சுற்றுலாக்காரர்களுக்குள் ஒளிந்து நின்றுவிட்டு, வேறு வழியில்லாமல் இறங்கத் தொடங்கினார். முதற்சுற்றில் வேலையிடத்துக் கருத்தரங்கு என்று சொல்லலாமென்று நினைத்தார். ஃபோர்க்லிஃப்டுக்கு என்ன கருத்தரங்கு? இரண்டாம் சுற்றில் கண் வைத்தியர் என்று மாற்றினார். கண் வைத்தியர் கோபுரத்துக்கு மேலேயா இருக்கிறார்? மூன்றாவதில், திடீரென்று வீட்டுக்கு வந்து உங்களை மகிழ்விக்கத்தான் இருந்தேன் என்பது பரவாயில்லையாகத் தெரிந்தது. அப்போ ஹோட்டல்? ஐந்தாம் சுற்றில் பொய் முடிந்துவிட்டது. கோபுரம் முடியவில்லை.

கீழே வாங்குப் பலகையில் தவராஜாவும் சுஜீவாவும் இருந்தார்கள். சுஜீவாவின் மடியில் பெரிய சாப்பாட்டுப் பை. இருவரும் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். முப்பது வருடமாக அல்பர்ட்ஸ்லுண்டில் இருந்தும் அதை அவர்கள் கிட்ட நின்று கண்டது அன்றுதான்.

"சுகமோ, அத்தான்?"

"ஓம்."

"ஹோட்டலோ?"

"ஓம்."

"எத்தினை நாள்?"

"மூண்டு."

சுஜீவா பையின் கைபிடியைச் சரிசெய்தார். "எங்கட சமையல் பிடிக்காட்டிச் சொல்லியிருக்கலாம், அண்ணை. நான் உறைப்பைக் குறைச்சிருப்பன்."

"ஐயோ, அது இல்லைப் பிள்ளை."

"நான் ஒரு தேத்தண்ணி குடிக்காமல் போனதுக்கு ஆறு வருசம்," என்றார் தவராஜா. குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நீங்கள் மூண்டு நாள் ஹோட்டல். உங்கட சட்டம்தானே, அத்தான். எத்தினை வருசமெண்டு நீங்களே சொல்லுங்கோ."

"அது வேற, மச்சான்."

"என்ன வேற?"

"நீ விசேஷத்துக்கு வந்தனி. நான் வந்தது…" நவரத்தினம் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கினார். "தனிய."

தவராஜா கையை நீட்டினார். "போனைத் தாங்கோ."

"ஏன்?"

"தனியத்தானே வந்தனீங்கள்? ஒரு மணித்தியாலம் தனியச் சுத்திப்போட்டு வாங்கோ. நாங்கள் இதில இருக்கிறம். சந்தோசமாத் திரும்பி வந்து, இனியும் தனியத்தான் நிக்கவேணுமெண்டு சொல்லுங்கோ, நான் வீட்டை போறன். ஆறு வருசமோ அறுபது வருசமோ, அதைப் பிறகு பாப்பம்."

நவரத்தினம் போனைக் கொடுத்தார். நடந்தார்.

கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. சொந்தக்காரர் இல்லை, செற்றி இல்லை, போன் இல்லை. ஒரு பெரிய நகரமும் ஒரு நவரத்தினமும். வாய்க்கால் கரைக்கு வந்தார். மஞ்சளும் சிவப்பும் நீலமுமாக வீடுகள் தண்ணீரில் ஆடின. நல்ல வடிவு என்று நினைத்தார். அதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் இன்னொருமுறை நினைத்தார்.

அப்போதுதான் அந்தச் சைக்கிள் வந்தது. முன்னால் பெரிய பெட்டி வைத்த சைக்கிள். பெட்டிக்குள் கோட்டும் சூட்டுமாக மாப்பிள்ளை பூச்செண்டைப் பிடித்துக்கொண்டு குந்தியிருக்கிறான். வெள்ளை உடுப்பை முழங்காலுக்கு மேலே செருகிக்கொண்டு பொம்பிளை மிதிக்கிறாள். மிதித்துக்கொண்டே அவனை ஏதோ ஏசுகிறாள். அவன் தலையாட்டுகிறான்.

"இஞ்சரும், பாருமன்," என்றார் நவரத்தினம், ராசமலர் எப்போதும் நிற்கும் இடப்பக்கம் திரும்பி.

இடப்பக்கம் ஒரு டேனிஷ்காரர் நின்றார். அவர் சிரித்தார். பிறகு பண்பாக ஒரு மீற்றர் தள்ளி நின்றார்.

நவரத்தினம் வாங்கடிக்குத் திரும்பியபோது தவராஜா மணிக்கூட்டைப் பார்த்தார். "பதினாலு நிமிசம்தான் போயிருக்கு, அத்தான். இன்னும் நாப்பத்தாறு கிடக்கு."

"அங்க ஒரு பொம்பிளை மாப்பிள்ளையைப் பெட்டிக்குள்ள வைச்சு மிதிச்சுக்கொண்டு போறாள், மச்சான். நான் இதை ஆரிட்டச் சொல்ல?"

தவராஜா சிரிக்காமலிருக்கப் பாடுபட்டார். முடியவில்லை. "பெட்டிக்குள்ளயோ?"

"கோட்சூட்டோட."

"எந்தப் பக்கம் போனவை?"

"வா, காட்டுறன். நீயும் வா, பிள்ளை." இரண்டடி வைத்தவர் நின்றார். மச்சானின் முகத்தைப் பார்க்காமல் கோபுரத்தைப் பார்த்துச் சொன்னார். "அண்டைக்கு நீ தேத்தண்ணி குடிக்காமல் போனது… இரவு வேலைதானே. அது பிழையில்லை."

"முதல் சாப்பாடு," என்றார் சுஜீவா, பையைத் திறந்து. "பிறகு மிச்சத்தை எல்லாருமாச் சேந்து தனியப் பாப்பம்."

அன்று பின்னேரம் ஹோட்டலிலிருந்து முதுகுப்பை அல்பர்ட்ஸ்லுண்டுக்குப் போனது. மூன்று நாளும் நவரத்தினம் எட்டுப் பேருக்குக் குறையாத கூட்டத்தோடு நகரம் பார்த்தார். படகில் அவர்களுக்கு மட்டும் இரண்டு வரிசை.

இப்போது ஹோர்சன்ஸில் எந்தப் பிறந்தநாள் விழாவுக்குப் போனாலும் அவரைக் காணலாம். கைபேசியை நீட்டுகிறார். கடற்கன்னி சிலையோடு நவரத்தினம், அரண்மனையோடு நவரத்தினம், படகோடு நவரத்தினம். ஒவ்வொன்றிலும் தோளோரத்தில் யாருடையதோ நாலு விரல், ஒரு சேலைத்தலைப்பு, வெட்டுப்பட்ட ஒரு முழங்கை. "ஆக்களோட போனால் ஊரைப் பாக்கேலாது," என்கிறார். யேசுரட்ணம் கூட நம்பிவிட்டார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களிடமும் ஒரு படம் இருக்கிறதல்லவா? பாரிஸிலோ ரோமிலோ, கையை இரண்டு பக்கமும் விரித்து, தூரத்தில் நின்று, கால் முதல் தலை வரை தெரிய, உலகத்தில் தன்னந்தனியாக நின்று எடுத்தது. நல்ல படம். வெளிச்சமும் நன்றாக விழுந்திருக்கிறது.

எடுத்தது ஆர்?