கூண்டின் மேல் மாதா

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை காக்ஸ் டவுன் வீட்டு ஹாலில் இருந்தவர்கள்: வீட்டுக்குப் பெரியவர் அலெக்சாண்டர், அவர் மகன் டிரேவர், மருமகள் லவினா, ஜெபமாலை சொல்ல வந்த அக்கம்பக்கத்துக் குடும்பங்கள், அவர்களுக்குத் தலைவியாக நோரா, அவளுடைய தங்கை ஆஞ்சலா. கூண்டுக்குள் சீசர். சீசர் அந்த வீட்டு நாய். அவன் அங்கே இருப்பது வந்தவர்கள் யாருக்கும் தெரியக்கூடாது என்பது அலெக்சாண்டரின் உத்தரவு.

"மூணு தலைமுறையா நம்ம குடும்பத்துல ஒருத்தனும் ஜெயில் பார்த்ததில்ல. இப்போ ஹால் நடுவுலயே ஜெயில்!" என்று அவர், கூட்டம் வருவதற்கு முன்பே குதித்திருந்தார்.

"ஜெயில் இல்ல டாடி, அது அவன் ரூம்," என்றாள் லவினா. "நான் பொம்மசந்திராவுக்கு வேலைக்குப் போயிடறேன். டிரேவரும் ஆபீஸ். நீங்க கோயில் ஆபீஸ். தனியா விட்டப்போ சோபாவைக் கிழிச்சானா இல்லையா? கூண்டு வந்தப்புறம் ஒரு செருப்பு போயிருக்கா, சொல்லுங்க?"

"சாயங்காலம் நான் வந்து கொக்கியைத் தொட்டதும் எப்படிப் பாய்ஞ்சு வர்றான்னு நீ பார்த்திருக்கியாம்மா? விடுதலையான கைதி தோத்தான். எனக்கு நெஞ்சே அடைச்சுப்போகுது."

டிரேவர் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். ஹாலில் மாட்டிய கேமராவை ஆபீஸிலிருந்து பார்ப்பது அவனுக்குப் பொழுதுபோக்கு. வீட்டுச் சண்டையில் மட்டும் அவன் வாய் திறப்பதில்லை.

"வர்றவங்க மேல எல்லாம் பாய்வான். இன்னைக்கு உள்ளயே இருக்கட்டும்," என்றாள் லவினா.

அலெக்சாண்டர் கூண்டையாவது படுக்கையறைக்குத் தள்ளப் பார்த்தார். ஹாலிலேயே வைத்துப் பாகம் பாகமாக மாட்டிய கூண்டு. எந்த வாசலிலும் நுழையவில்லை. வெள்ளை மேஜைவிரிப்பைப் போட்டு மூடினார். தள்ளி நின்று பார்த்தால் சவப்பெட்டி மாதிரி இருந்தது. இரு பக்கமும் மெழுகுவர்த்தி வைத்தார். இன்னும் நன்றாகச் சவப்பெட்டி மாதிரி ஆனது. கடைசியில் மாதா சுரூபத்தை எடுத்து மேலே வைத்து, பூவும் சாற்றினார். பீடம் ஆகிவிட்டது.

"எவ்வளவு அழகா பீடம் கட்டியிருக்கீங்க அங்கிள்!" என்று உருகினாள் நோரா.

அலெக்சாண்டர் கணீரென்று ஜெபத்தைத் தொடங்கினார். மாதா அசைந்தார்.

அவர் நிறுத்தினார், மாதாவும் நின்றார். மறுபடி தொடங்கினார், மாதா ஆடினார். ஆட்டத்தின் சத்தத்தை மறைக்கக் குரலை உயர்த்தினார், பூ உதிர்ந்தது. ஜெபத்தை ஆஞ்சலாவிடம் தள்ளிவிட்டார். ஆஞ்சலா சொன்னபோது மாதா சிலையாக நின்றார்.

"அங்கிள், நீங்களே சொல்லுங்க!" என்றாள் நோரா. சொன்னார். மாதா ஆடினார்.

"மாதாவே!" நோரா முழந்தாளிட்டாள். "அங்கிள் குரலுக்கு மாதா இறங்கி வந்திருக்காங்க!"

ஆஞ்சலா போனை எடுத்துவிட்டாள். "ஃபாதர், இருக்கிறபடியே கிளம்பி வாங்க!"

"டாடி, பேசாதீங்க," என்று லவினா காதில் கிசுகிசுத்தாள். "பேசினா இன்னும் ஆடும்."

அலெக்சாண்டருக்கு வேர்த்தது. வீட்டில் கூண்டு இருப்பது மானக்கேடு. மாதா பெயரில் ஒரு பொய்யை விட்டுவைப்பது அதைவிட மானக்கேடு. முதுகை நிமிர்த்தி எழுந்தார்.

"எல்லாரும் எழுந்திருங்க. மாதா அசையல. எங்க வீட்டு நாயை நாங்க கூண்டுல அடைச்சு வச்சிருக்கோம். என் குரலைக் கேட்டு வாலாட்டறான், அவ்வளவுதான்."

சுரூபத்தை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, விரிப்பை இழுத்தார். கொக்கியைத் தொட்டார். சீசர் பாய்ந்து வந்து அவர் இடுப்பில் கால் ஊன்றி, நாக்கு எட்டிய இடமெல்லாம் நக்கினான். ஊர் பார்க்க அழாத மனிதர் அன்று அழுதார்.

"இனிமே இந்த வீட்ல கூண்டு வேண்டாம்மா."

"சரி டாடி," என்றாள் லவினா. அவளுக்கும் கண் கலங்கியிருந்தது.

அடுத்த ஞாயிறு கோயில் வளாகத்தில் பேச்சு வேறு மாதிரி சுற்றியது: அலெக்சாண்டர் வீட்டில் வாயில்லா ஜீவனை நாள் முழுக்கப் பூட்டி வைத்துக் கொடுமை செய்கிறார்களாம். நோரா நேராகவே வந்து கேட்டாள்.

"பாவம் அங்கிள், இத்தனை நாளா அடைச்சா வச்சிருந்தீங்க?"

அலெக்சாண்டர் தலை குனிந்தார். சமோசா தின்றுகொண்டிருந்த டிரேவர் முதல் முறையாக வாய் திறந்தான்.

"யாரு அடைச்சா ஆன்ட்டி? அந்தக் கொக்கி வாங்கின வாரமே உடைஞ்சுபோச்சு. பகலெல்லாம் சோபா மேலதான் தூங்குவான். வாசல்ல டாடி குரல் கேட்டா மட்டும், அவர் வந்து திறந்துவிடணும்னு ஓடிப்போய் உள்ளே படுத்துக்குவான்."