நாலு போல்ட்டும் ஒரு சுவரும்

தபால் ஆபீஸ் குமாஸ்தாவுக்கு அன்று வீரம் வந்துவிட்டது. கூடத்தில் காலியாக இருந்தது ஒரே ஒரு சுவர். அதில் மேட்ச் பார்க்கப் பெரிய டிவியை மாட்டுவதா, தையல்காரியான மனைவியின் துணி அலமாரியை மாட்டுவதா என்று மூன்று மாதமாக இழுபறி. விடுமுறை நாளாகப் பார்த்து, இரவல் டிரில்லோடு களத்தில் இறங்கிவிட்டார்.

"இது ஹாலோ பிளாக் சுவரு, உள்ள வெறும் பொந்து, ஒண்ணும் நிக்காதுன்னுதானே என் அலமாரியை வேண்டாம்னீங்க?"

"சாதா பிளாஸ்டிக் பிளக் நிக்காது. பொந்துக்குள்ள சும்மா சுத்தும். இது வேற சாமான். துளையில வலைக்குழாயைச் சொருகி, பசையைப் பிதுக்கி, போல்ட்டை நட்டுடணும். பசை உள்ள பிதுங்கி இறுகிடும். யானையைக் கட்டலாம்!"

"திரும்பக் கழட்டணும்னா?"

"கழட்டவே முடியாது. அதுதானே விசேஷம்!"

"அப்படியா?" என்றாள் மனைவி. இருபது வருஷம் குடித்தனம் நடத்தியவர் அந்த "அப்படியா"வுக்கே உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

"துளை போடற இடத்துக்குக் காகிதம் நான் ஒட்டித் தரேங்க. அளவெடுக்கறது என் பொழப்பாச்சே."

மனிதர் உருகிப் போனார். அவள் காகிதத்தில் புள்ளி வைத்த நாலு இடத்திலும் கண்ணை மூடிக்கொண்டு துளைத்தார். தூசியை ஊதினார், பாதி தூசி அவர் மூக்கிலேயே தங்கியது. பசையைப் பிதுக்கி நாலு போல்ட்டையும் நட்டார். பசை இறுகும்வரை யாரும் கிட்டே போகக் கூடாது என்று நாற்காலி போட்டுக் காவல் வேறு இருந்தார்.

ஒன்றரை மணி நேரம் கழித்து டிவியின் இரும்புச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு போல்ட்டில் மாட்டினால் அடுத்தது ஒரு முழம் தள்ளி நின்றது. திருப்பிப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார். போல்ட்டைப் பிடித்து இழுத்தும் பார்த்தார். சொன்ன சொல் தவறாத பசை.

"என்னடி காகிதம் ஒட்டினே?"

"ஐயையோ, என் அலமாரிக்கு வெட்டி வச்சதை ஒட்டிட்டேன் போலிருக்கே!"

அலமாரியும் தயாராகக் கதவுக்குப் பின்னால் நின்றது. நாலு போல்ட்டிலும் அது, பட்டன் காஜாவில் விழுவதுபோல் விழுந்தது. நட்டை முறுக்கியவரும் அவர்தான்.

"அப்போ என் டிவி?"

"சமையலறைச் சுவரு கெட்டிச் செங்கல். சாதா பிளக்கே போதும்னு கடைக்காரர் சொன்னாரு, வாங்கியும் வச்சிட்டேன். மேட்ச் முடியறதுக்குள்ள நீங்க ரெண்டு கிலோ வெங்காயம் உரிச்சிடலாங்க."